மின்னல் முரளி: விமர்சகர்கள் சொன்னதும், வீட்டில் பார்க்கிறவர்கள் அறிய வேண்டியதும்

ஒரே இரவில், ஒரே ஊரில், இரண்டு பேருக்கு மின்னல் அடிக்கிறது. ஒருவன் தையற்கடை வைத்திருக்கும் ஜெய்சன், அமெரிக்கா போக வேண்டும் என்ற ஒரே நினைப்போடு திரிகிறவன். மற்றவன் தேத்தண்ணிக்கடையில் வேலை செய்யும் ஷிபு. ஊர் அவனை ஒரு ஆளாகவே எண்ணுவதில்லை. இருவரும் பிழைக்கிறார்கள். இருவருக்கும் ஒரே வகையான சக்தி வந்து சேர்கிறது. பசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’ என்ற மலையாளப் படம் இந்த முடிச்சிலிருந்துதான் புறப்படுகிறது. 2021 டிசம்பர் 24ஆம் திகதி, நத்தாருக்கு முதல்நாள், தியேட்டருக்குப் போகாமல் நேரே நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. ராஜாவிலோ மனோகராவிலோ ரிக்கெற் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இந்த மதிப்புரை வீட்டு ரி.வி.க்கு முன்னால் அம்மம்மாவிலிருந்து பாலர் பாடசாலைப் பிள்ளைவரை ஒன்றாக இருந்து பார்க்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதப்படுகிறது. கதையின் முக்கியமான திருப்பங்கள் இதில் வரும். தெரியாமல் பார்க்க விரும்புகிறவர்கள் ஒலி, டேட்டா, வயது பற்றிய பகுதிகளை மட்டும் வாசித்துவிட்டுப் படத்துக்குப் போகலாம்.

குடும்பத்தோடு பார்க்கும் சூப்பர்ஹீரோ நகைச்சுவைப் படங்களை விமர்சகர்கள் எப்போதும் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் அளக்கிறார்கள். சிரிப்பு ஆட்களின் குணத்திலிருந்து வருகிறதா, வீடு வீடு மாதிரி இருக்கிறதா, சக்திக்கு ஒரு வரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த வகைக்கு உரைகல்லாக இன்றும் சொல்லப்படுவது 2004இல் வந்த பிக்சாரின் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’. 115 நிமிடப் படம், இயக்கம் பிராட் பேர்ட், சிறந்த அனிமேஷன் படத்துக்கும் ஒலித்தொகுப்புக்குமாக இரண்டு ஒஸ்கார். அதைப் பாராட்டியவர்கள்கூட, பிறவியிலேயே திறமை உள்ளவர்கள்தான் உயர்ந்தவர்கள் என்று படம் சொல்ல வருகிறதா என்று விவாதித்தார்கள். தமிழில் மிஷ்கினின் ‘முகமூடி’ (2012), மித்ரனின் ‘ஹீரோ’ (2019), மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’ (2023) என்று முகமூடிக்கும் வீரத்துக்கும் இடையில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ‘மாவீரன்’ நகைச்சுவையில் தேறியது. ஆனால் கதாநாயகனுக்குச் சரிசமமான ஒரு எதிராளியை, அவன் பக்க நியாயத்தோடு, இவற்றில் எதுவும் கட்டி எழுப்பவில்லை. ‘மின்னல் முரளி’ அதைச் செய்தது. விமர்சகர்கள் கிட்டத்தட்ட ஒரே வாயாக மெச்சியதும் அதைத்தான்.

ஷிபுவாக நடித்தவர் குரு சோமசுந்தரம். ‘ஆரண்ய காண்டம்’, ‘ஜோக்கர்’ ஆகிய படங்களால் தமிழ் ரசிகர்களுக்குத் தெரிந்தவர். ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் ஆண்டுக்கணக்காகப் பயின்றவர். அந்தப் பயிற்சி அவர் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனித்துப் பார்க்க வேண்டும். முதற்பகுதியில் ஷிபு எங்கே நின்றாலும் தோளைச் சற்று உள்ளே மடக்கி நிற்பான். யாராவது அடிக்கக் கையோங்கினால் விலகுவதற்கு ஆயத்தமானவன் மாதிரி. சக்தி வந்த பிறகு அந்தத் தோள் ஒரேயடியாக நிமிர்வதில்லை. படிப்படியாகத்தான் திறக்கிறது. அவன் ஆண்டுக்கணக்காகத் தூரத்தில் நின்று காதலித்த உஷா அவனை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அவன் முகம் சிரிக்கப் போய் அழுகையில் விழுந்து, மறுபடி சிரிப்புக்கு ஏற முயல்கிறது. கமரா அசையாமல் அந்த முகத்திலேயே நிற்கிறது. படம் வந்த நாட்களில் இணையம் முழுக்கச் சுற்றிய துண்டு அதுதான், சுற்றியது நியாயமே. 

ஆனால் நடிப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அருண் அனிருத்தனும் ஜஸ்டின் மாத்யூவும் எழுதிய திரைக்கதை ஷிபுவுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு தேவையைக் கொடுத்திருக்கிறது. அவன் வங்கியை உடைப்பது பணக்காரனாவதற்காக அல்ல, உஷாவின் மகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பணம் வேண்டும். அவன் செய்யும் முதற்குற்றத்தைப் பார்ப்பவர் மன்னிக்கிறார். இரண்டாவதைப் புரிந்துகொள்கிறார். மூன்றாவதில் திடுக்கிடுகிறார். அதற்குள் அவனோடு நெடுந்தூரம் வந்துவிட்டதால் சட்டென்று கையை உதறிவிட்டுத் திரும்ப முடிவதில்லை. கெட்டவனைக் கட்டும் முறை இதுதான்: குற்றத்தின் அளவு ஒவ்வொரு முறையும் கூட வேண்டும், காரணம் மட்டும் மாறாமல் அன்பாகவே இருக்க வேண்டும். ஊரார் மூட்டும் தீயில் உஷா இறந்ததும் அந்தக் காரணம் அறுந்துபோகிறது. மிஞ்சுவது சக்தி மட்டும்.

ஜெய்சனுக்கு எழுத்தாளர்கள் இவ்வளவு கொடுக்கவில்லை. கதாநாயகனை எதிராளி விழுங்கிவிட்டான் என்று எழுதியவர்கள் இதற்கு ஜெய்சனாக நடித்த டொவினோ தோமஸைக் குற்றம் சொன்னால் அது தவறு. அவர் நன்றாகவே செய்திருக்கிறார். தன் அழகில் மயங்கிய, கொஞ்சம் சுயநலமான, காதலி வேறொருவனுக்கு நிச்சயமானதில் மனம் சுருங்கிய ஒரு இளைஞனை, பார்ப்பவர் வெறுக்காத அளவில் வைத்திருக்கிறார். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஷிபுவுக்கு இருப்பது தேவை. ஜெய்சனுக்கு இருப்பது ஆசை. அந்த ஆசை அமெரிக்கா.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கும் மும்பையில் இருந்து எழுதிய விமர்சகர்களுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அவர்களுக்கு அமெரிக்கக் கனவு ஒரு நகைச்சுவைக் குணம். இங்கே அது ஒவ்வொரு ஒழுங்கையிலும் உள்ள கதை. கடவுச்சீட்டு எடுத்து வைத்துவிட்டு, ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டு, இங்கே எந்த வேலையிலும் முழு மனதோடு இறங்காமல் ‘போகப் போறன்தானே’ என்று நாளைத் தள்ளுகிற பெடியன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஜெய்சனை முதல் அரை மணி நேரத்தில் அப்படியே அடையாளம் கண்டுவிடுவோம். புறூஸ் லீ பிஜி என்ற பெண் நடத்தும் பயண முகவர் நிலையத்தையும் அப்படித்தான். ஆகவே, போக நினைத்தவனுக்கு ஊரைக் காக்கும் சக்தி வந்தால் அவன் என்ன செய்வான் என்ற கேள்வி எங்களுக்கு மிகவும் கனமான கேள்வி. படம் அதைக் கேட்கிறது, பதிலுக்கு உரிய விலையைக் கேட்கவில்லை. அமெரிக்கா பற்றிய பேச்சு முதற்பகுதியில் இருந்த கனத்தோடு கடைசிப் பகுதியில் இல்லை. இருப்பதா போவதா என்று அவன் ஒரு இரவு முழுவதும் உடைந்து போகிற ஒரு காட்சி இருந்திருந்தால், ஷிபுவுக்குச் சமமாக அவனும் எழுந்து நின்றிருப்பான். இந்தப் படத்தின் ஆகப் பெரிய குறை இதுதான். நீளம் பற்றியும் கிராபிக்ஸ் பற்றியும் சொல்லப்பட்ட குறைகள் எல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

நீளம் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகளோடு பார்க்கும் படத்துக்கு இது கூடுதல்தான். ஆனால் எந்த இடம் நீளம் என்று சரியாகச் சொல்ல வேண்டும். சக்தி வருவதற்கு முன்னான ஊர்க் காட்சிகளை வெட்டியிருக்கலாம் என்றவர்கள் பலர். அவற்றை வெட்டினால் கடைசியில் எரிகிற ஊர் யாருடைய ஊர் என்று தெரியாமல் போகும். சுருக்கியிருக்க வேண்டியது ஜெய்சனின் பழைய காதல் விவகாரமும், பொலிஸ் நிலையத்துக்கும் அவனுக்கும் இடையில் நடக்கும் இழுபறியும். அங்கே ஒரே செய்தி இரண்டு மூன்று தடவை திரும்பச் சொல்லப்படுகிறது.

பெண் பாத்திரங்கள் பற்றிய குறையும் சரியானதே. ஷெல்லி கிஷோர் உஷாவைக் குறைந்த வசனத்தில் நிறைவாக்கியிருக்கிறார். ஊரை விட்டுப் போய், வாழ்க்கை சரிவராமல், நோயுற்ற பிள்ளையோடு திரும்பி வருகிற பெண்ணை ஊர் எந்தப் பார்வையால் பார்க்கும் என்பது அவர் நடையிலேயே இருக்கிறது. ஆனால் அவள் இறப்பது ஒரு ஆணின் கோபத்துக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக. ஆண்டுக்கணக்காக ஒருவன் தூரத்தில் நின்று காதலித்தான் என்பதைப் படம் புனிதமாகவே நடத்துகிறது. அந்தக் காதலில் அவளுக்கு என்ன தெரிவு இருந்தது என்று கேட்க மறக்கிறது. வளர்ந்த பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள் இதைப் பேசாமல் விடக்கூடாது. ஃபெமினா ஜோர்ஜின் பிஜி இன்னொரு வகை. எந்த மின்னலும் அடிக்காமல், கராத்தே பழகி, வெறும் காலால் எதிரியை விழுத்துகிறவள். படத்தின் மிக நல்ல சிந்தனைகளில் அவளும் ஒன்று. கடைசிப் பகுதியில் அவளுக்கு இன்னும் கூடுதல் வேலை கொடுத்திருக்க வேண்டும்.

சிரிப்புக்கு வந்தால், ஜெய்சனின் அக்கா மகனான மருமகன் ஜோஸ்மோன்தான் படத்தின் மூளை. மாமனுக்கு என்ன நடந்தது என்று மாமனுக்கே விளங்கவில்லை, சித்திரக்கதை வாசித்த பெடியனுக்கு விளங்குகிறது. இது என்ன சக்தி, எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும் என்று அவன் ஒவ்வொன்றாய்ப் பரிசோதிக்கும் காட்சிகள் வெறும் பகிடிக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. பார்ப்பவருக்குச் சட்டதிட்டம் கற்பிக்கும் இடங்கள் அவை. பின்னால் சண்டை வரும்போது ‘இது எப்படி முடிந்தது’ என்ற கேள்வி எழாமல் இருப்பதற்கு அந்தப் பத்து நிமிடம்தான் காரணம். வசிஷ்ட் உமேஷ் என்ற சிறுவன் பெரிய ஆள் மாதிரி நடிக்க முயலாமல் சிறுவனாகவே நின்றிருக்கிறான். அத்தானாக வரும் அஜு வர்கீஸ் ஒரு பொலிஸ்காரர். மச்சானோடு வீட்டில் ஒரு முகம், சீருடையோடு இன்னொரு முகம். மாமன், மருமகன், அத்தான், அக்கா என்று ஒரே வீட்டுக்குள் நடக்கும் உரசல்களை இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஜெய்சனைப் பெற்ற தகப்பன் நாடக நடிகர். திருவிழாவில் நடந்த வெடி விபத்தில் பிறரைக் காப்பாற்றப் போய் இறந்தவர். படம் இந்தக் கிளையை வேகமாகக் கடந்து போனாலும், பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கத்துக் கூத்து மரபு தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு நெருக்கம் உண்டு. பகலில் தொழில், இரவில் அரசன் என்று வாழ்ந்த அண்ணாவிமார்களின் பரம்பரை இது. நீ. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றத்தின், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மேடையில் வேஷம் போட்ட ஒருவன் கீழே இறங்கியும் அந்த வேஷத்துக்கு உண்மையாக நிற்பது என்பது வெளிநாட்டுச் சித்திரக்கதையில் இருந்து வந்த எண்ணமாகத் தோன்றாது.

தொழில்நுட்பத்தில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். சண்டை அமைத்தவர் விளாட் ரிம்பர்க். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் எப்படி உதைப்பான், எப்படி விழுவான் என்பதிலிருந்து அவர் சண்டையைத் தொடங்குகிறார். அடிபட்ட உடம்பின் எடை திரையில் தெரிகிறது. ஒளிப்பதிவு சமீர் தாஹிர். மழை, பெற்றோல்மாக்ஸ், தேவாலயத்து நட்சத்திர விளக்கு என்று ஊரில் உள்ள வெளிச்சத்தையே பெரும்பாலும் நம்பியிருக்கிறார். பின்னணி இசை சுஷின் ஷியாம். ஷிபுவின் காட்சிகளில் இசை சத்தமாக வராமல் பின்னால் ஒதுங்கி நிற்கிறது, அதனால்தான் அந்த முகத்துக்கு இடம் கிடைக்கிறது. கிராபிக்ஸ் எல்லா இடமும் ஒரே தரத்தில் இல்லை. வேகமாக ஓடும் காட்சிகளில் பின்புலம் சற்றுப் பிரிந்து நிற்கிறது. தீயும் மின்னலும் வரும் இடங்களில் குறையில்லை. கேரள மாநிலத்தின் 2021ஆம் ஆண்டுத் திரைப்பட விருதுகளில் காட்சி விளைவுக்காக அன்ட்ரூ டி குரூஸ், ஆடை வடிவமைப்புக்காக மெல்வி, ஒலிக்கலவைக்காக ஜஸ்டின் ஜோஸ் ஆகியோர் இந்தப் படத்துக்காகப் பரிசு பெற்றார்கள். இதில் வரும் ஒரு பாடலுக்காகப் பிரதீப் குமார் சிறந்த பாடகரானார். தமிழ்ப் பாடல்களால் எங்களுக்குப் பழக்கமான அதே குரல். 2022இல் ஆசிய அக்கடமி கிரியேற்றிவ் விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது பசில் ஜோசப்புக்குக் கிடைத்தது. இது அவருடைய மூன்றாவது படம்.

ஆடைக்குப் பரிசு கிடைத்தது பொருத்தம். விமர்சனங்களில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும் அதுதான். இந்தக் கதாநாயகன் தையல்காரன். ஹொலிவூட் படங்களில் வீரனின் உடுப்பு ஆய்வுகூடத்தில் இருந்து வரும், அல்லது பணக்காரனின் நிலவறையில் இருந்து வரும். இவன் தானே அளந்து, வெட்டி, மெசினில் தைக்கிறான். முகத்தைச் சுற்றிய துணியில் தொடங்கிய வேஷம், அவன் மனம் நிமிர நிமிர முழு உடுப்பாகிறது. ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்திலும் உடுப்பு தைக்கிறவளான எட்னா மோட் மறக்க முடியாத பாத்திரம். ஆனால் அவள் பிறருக்குத் தைக்கிறாள். தன் தொழிலையே தன் வீரத்துக்கு மூலதனமாக்கியவன் ஜெய்சன்.

படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2020 மே மாதத்தில் கேரளத்தின் காலடி என்ற ஊரில் பெரியாற்றங்கரையில் போட்டிருந்த தேவாலய அரங்கை ஒரு கூட்டம் அடித்து உடைத்ததும் நடந்தது. பக்கத்தில் இருந்த கோயிலைக் காரணம் சொன்னார்கள். தயாரிப்பாளர் சோபியா போலும் குழுவும் இதையும் தாண்டித்தான் படத்தை முடிக்க வேண்டியிருந்தது. வெறுப்புக் கொண்ட கூட்டம் தீ மூட்டும் காட்சியை இதை அறிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் காட்சி வேறு கனம் பெறுகிறது.

இனி வீட்டில் பார்க்கும் முறை.

தமிழ்க் குரலோடும் வந்திருக்கிறது, மலையாள மூலமும் இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளோடு என்றால் தமிழை எடுங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் மலையாளத்தை எடுக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை. காரணம் இரண்டு. வாயசைவுக்குள் தமிழ் வசனத்தைத் திணிக்கும்போது பகிடிகளின் இடைவெளி மாறிவிடுகிறது. ஒரு கணம் பிந்தினாலும் சிரிப்பு வராது. அடுத்தது, யாழ்ப்பாணத்துக் காதுக்கு மலையாளம் தமிழ்நாட்டுக் காதைவிடச் சற்றுக் கிட்ட இருக்கிறது. ‘பறை’ என்றால் சொல், ‘கிடக்கு’ என்றால் இருக்கிறது என்று எங்கள் பழைய ஆட்கள் பேசிய பேச்சுத்தான் அங்கே நடக்கிறது. முதல் இருபது நிமிடம் துணைத்தலைப்பை வாசித்தால், பிறகு பாதி வசனம் தானாகவே விளங்கத் தொடங்கும். சில கருவிகளில் நெட்ஃபிளிக்ஸ் எல்லா மொழிகளையும் காட்டாது. பட்டியலில் தமிழ் வராவிட்டால், கணக்கில் உங்கள் பெயருக்குரிய மொழி அமைப்புக்குப் போய்த் தமிழைத் தெரிவு செய்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

டேட்டா கணக்கு இது. நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவின்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜி.பி., எச்.டி.யில் 3 ஜி.பி. வரை, அல்ட்ரா எச்.டி.யில் 7 ஜி.பி. வரை போகும். இந்தப் படத்துக்கு அது முறையே 2.6, 8, 18 ஜி.பி. வரை. ரவுட்டரில் பக்கேஜ் போட்டுப் பார்ப்பவர்கள் இரவு டேட்டா தொடங்கிய பிறகு கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் நடுவில் சுழலாது. நேரே பார்ப்பதானால் முழு எச்.டி.க்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் நிலையாக வர வேண்டும். மாரி மழை நாளில் சிக்னல் விழுந்தால் தரம் தானாகக் குறையும். இருட்டுக் காட்சிகள் நிறைந்த இந்தப் படத்தில் அது உடனே கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படியானால் சண்டைக் காட்சியைத் தொடர்ந்து பார்க்காமல் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

ரி.வி.யில் மூன்று அமைப்பு. அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். சாம்சங்கில் ‘ஓட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிட்டி’, எல்.ஜி.யில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று இருக்கும். விநாடிக்கு 24 சட்டங்களில் (ஃபிரேம்) எடுத்த படத்துக்கு இடையில் இல்லாத சட்டங்களை ரி.வி. உண்டாக்கிச் செருகுவதால், ஏற்கெனவே பிரிந்து நிற்கும் கிராபிக்ஸ் இன்னும் பிரிந்து, நாடகத் தொடர் மாதிரித் தெரியும். மின்சேமிப்பு முறையையும் நிறுத்துங்கள், அது திரையை மங்கலாக்கும். ஷிபுவின் முகம் பாதிக் காட்சிகளில் நிழலில்தான் இருக்கிறது. மூன்றாவது ஒலி: இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள ரி.வி.யில், பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலித்தடத்தைத் தெரிவு செய்தால் வசனம் அடங்கியும் இடிமுழக்கம் உயர்ந்தும் வரும். ‘ஸ்டீரியோ’வை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சின்னப் பிள்ளைகள் விடயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. நகைச்சுவைப் படம் என்று பெயர் இருந்தாலும் கடைசி முக்கால் மணி நேரம் நகைச்சுவை அல்ல. ஏழு, எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. தொடக்கத்து வெடி விபத்து, பொலிஸ் அடி, உஷா இறக்கும் தீ, திருவிழாவில் நடக்கும் அழிவு ஆகிய நான்கு இடங்களிலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு நாளாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது: சக்தியைப் பரிசோதிக்கும் பகுதிவரை முதல்நாள் எல்லோரும், மிச்சம் மறுநாள் வளர்ந்தவர்கள். வீட்டில் போர்க்காலத்தைக் கடந்து வந்த முதியவர்கள் இருந்தால், எரியும் வீடும் ஓடும் சனமும் தொடர் வெடிச்சத்தமும் வருகின்றன என்று முன்கூட்டியே சொல்லி, சத்தத்தையும் குறைத்து வையுங்கள். அவர்கள் எழுந்து போனால் கூப்பிட வேண்டாம். ஷிபுவின் தாயை ஊர் பைத்தியம் என்று ஒதுக்கியதும், அந்தப் பெயரே மகனுக்கும் ஒட்டிக்கொண்டதும் படத்தில் வருகிறது. எங்கள் ஊர்களிலும் இப்படி ஒதுக்கப்பட்ட வீடுகள் இருக்கின்றன, பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

மின்னல் வெட்டும் காட்சிகளில் வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கும். 2018இல் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ வந்தபோது இதே காரணத்துக்காகத் தியேட்டர்கள் எச்சரிக்கைப் பலகை வைத்தன. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் வீட்டில் இருந்தால் அறையை முழு இருட்டாக்காமல், திரையிலிருந்து தள்ளி இருத்தி, மின்னல் தொடங்கியதும் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாகப் பொத்தச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் வெறுமனே மூடினால் போதாது, இமை ஊடாகவும் வெளிச்சம் போகும்.

படம் பார்த்த கிழமையே பிள்ளைகள் வினோத உடைப் போட்டிக்கு மின்னல் முரளி உடுப்புக் கேட்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு 60 அங்குல அகலமுள்ள இழுபடும் துணி ஒன்றரை மீற்றர் போதும். பருத்தியில் தைத்தால் குந்தி எழும்பும்போது தொடையிடுக்கில் கிழியும். துணி எந்தப் பக்கம் கூடுதலாக இழுபடுகிறதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி வெட்டுங்கள். மேலும் கீழுமாக இரண்டு துண்டாகத் தையுங்கள். ஒரே துண்டாகத் தைத்தால் பிள்ளை கக்கூசுக்குப் போகும்போது முழுவதும் கழற்ற வேண்டி வரும். வளைந்து வளைந்து போகும் சிக்சாக் தையல் போடும் மெசின் இல்லாமல் நேர்த்தையல் மெசின் மட்டும் இருந்தால், துணியை இலேசாக இழுத்துப் பிடித்தபடி ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை முதற்தடவை கையை உயர்த்தும்போதே நூல் அறும். ஊசி முனை மழுங்கிய வகையாக இருக்க வேண்டும், கூர் ஊசி இழையை வெட்டி ஓட்டை விடும். மின்னல் அடையாளத்தை பசை கொண்டு ஒட்டினால் வியர்வையில் உரியும், ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடுங்கள். முகமூடிக்கு உட்புறம் மெல்லிய பருத்தி வையுங்கள். கண்துளை கண்ணைவிடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் பெரிதாக இருக்க வேண்டும், பக்கப் பார்வை மறைந்தால் மேடைப் படியில் தடுக்கும். பின்னால் முடிச்சுப் போடாமல் அகலமான இலாஸ்ரிக் வையுங்கள், எதிலாவது மாட்டினால் தானாகக் கழன்று வரும். முதுகில் தொங்கும் துணியும் வேண்டும் என்று பிள்ளை அழுதால், ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் எட்னா மோட் ஏன் அதைத் தைக்க மறுக்கிறாள் என்ற காட்சியைப் போட்டுக் காட்டுங்கள்.